மூன்றாம் நாளே எழுந்துவிட்ட நாய்

டிக் ஃபீவருக்கு, அதாவது உண்ணி கடித்து வரும் காய்ச்சலுக்கு, மருந்து ஆரம்பித்த காப்பக நாய் பெரும்பாலும் இரண்டு மூன்று நாளில் தேறிவிடும். காய்ச்சல் இறங்கும், தட்டைத் திரும்பிப் பார்க்காமல் கிடந்தது மிச்சம் வைக்காமல் சாப்பிடும். அதோடு மாத்திரையும் நின்றுபோகும். மருந்து கொடுப்பவர் மாறியிருப்பார், இல்லையென்றால் மீதி மாத்திரை பக்கத்துக் கூண்டு நாய்க்குப் போயிருக்கும். ஆளும் பணமும் போதாத இடத்தில் இதில் ஆச்சரியம் இல்லை. ஆனால் நோய் நிலைத்து நிற்பதற்கு இதுவே பெரிய காரணம்.

டிக் ஃபீவர் என்ற பெயரில் பல நோய்களைச் சேர்த்துச் சொல்கிறோம். பாக்டீரியாவால் வருபவற்றில் முதலில் நிற்பது எர்லிக்கியா கேனிஸ். அனாபிளாஸ்மா பிளாட்டிஸும் உண்டு. (பபீசியா பாக்டீரியா அல்ல, அதற்கு மருந்தும் வேறு.) எர்லிக்கியா வெள்ளையணுக்களுக்குள் புகுந்து வாழும். கடிபட்ட ஒன்று முதல் மூன்று வாரத்தில் காய்ச்சல், சோர்வு, நெறிகட்டு எல்லாம் வரும், ரத்தத்தை உறையவைக்கும் பிளேட்லெட் அணுக்கள் குறையும். பிறகு, மருந்தே இல்லாமல்கூட, இவை அடங்கிவிடலாம். சில நாய்கள் கிருமியை அடியோடு ஒழித்துவிடுகின்றன. மற்றவற்றில் அது மண்ணீரல் போன்ற இடங்களில் மாதக்கணக்கில், ஏன் வருடக்கணக்கில்கூடப் பதுங்கியிருக்கும். நாய் வாலாட்டும், ஓடும், எடை கூடும். அப்புறம் ஒருநாள் மூக்கில் ரத்தம் ஒழுகும். எலும்பு மஜ்ஜை செயலிழந்த கட்டம் அது என்றால், காப்பாற்றுவது மிகவும் கடினம். வியட்நாம் போரில் 1960களின் பிற்பகுதியில் அமெரிக்க ராணுவ நாய்கள், குறிப்பாக ஜெர்மன் ஷெப்பர்டுகள், இந்த நோயால் நூற்றுக்கணக்கில் மடிந்தன.

ஆகவே டாக்சிசைக்ளின் என்ற ஆன்டிபயாடிக் 28 நாள். எடையில் கிலோவுக்கு 10 மில்லிகிராம், தினமும், உணவோடு. மாத்திரை தொண்டைக்குக் கீழே சிக்கினால் உணவுக்குழாயைப் புண்ணாக்கும், அதனால் வெறும் வாயில் போட்டு விழுங்க வைக்க வேண்டாம். கூண்டுக் கதவில் ஒரு தாள் ஒட்டி, கொடுத்தவர் கையெழுத்துப் போடுவது நல்ல பழக்கம்.

நன்றாக இருப்பதாகத் தெரியும் நாயைத்தான் கருத்தடைக்கு மேசையில் ஏற்றுகிறோம். வயிற்று முடியை மழிக்கும்போது கடுகைவிடச் சிறிய சிவப்புப் புள்ளிகள் தெரிந்தால் கத்தியைக் கீழே வையுங்கள். தோலுக்கடியில் கசிந்த ரத்தம் அது. விரலால் அழுத்தினாலும் மறையாது. ஈறையும் தூக்கிப் பாருங்கள். பிளேட்லெட் எண்ணிக்கை தெரியாமல் மேற்கொண்டு போகக் கூடாது. எண்ணும் கருவியும் ஏமாற்றும்: பிளேட்லெட்டுகள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டால் குறைத்துக் காட்டும், ஆகவே கண்ணாடித் தகட்டில் ஒரு துளி ரத்தத்தைப் பரப்பி நுண்ணோக்கியிலும் பார்த்துவிடுவது நல்லது.

டிக் ஃபீவர் ரத்தப் பரிசோதனைக் கிட்டில் கோடு விழுந்துவிட்டது என்று ஒரு நாயைத் தத்தெடுக்கத் தயங்குகிறவர்கள் நிறைய. அந்தக் கோடு காட்டுவது கிருமியை அல்ல, அதை எதிர்க்க உடல் உண்டாக்கும் எதிர்ப்பொருளை. நோய் போன பின்னும் அது மாதக்கணக்கில் இருக்கும்; நோயின் முதல் நாட்களில் இல்லாமலும் இருக்கும். இந்த நோய் பக்கத்தில் படுப்பதாலோ ஒரே கிண்ணத்தில் குடிப்பதாலோ ஒட்டாது. நடுவில் உண்ணி வேண்டும், அல்லது ரத்தம் ஏற்றியிருக்க வேண்டும்.

அந்த உண்ணி நாய் மேல் இருப்பதைவிட அதிக நாள் சுவரில் இருக்கிறது. பழுப்பு நாய் உண்ணி குஞ்சாக, இளசாக, முழு வளர்ச்சியில் என மூன்று முறை ரத்தம் குடிக்கும். ஒவ்வொரு முறையும் இறங்கி விரிசலுக்குள் போய்விடும். ஒரு பெண் உண்ணி ஆயிரக்கணக்கில் முட்டையிடும். மேல்நோக்கி ஏறுவது இதன் குணம், அதனால் தரையைக் கழுவினால் மட்டும் போதாது. கதவு நிலையின் மேல்விளிம்பு, கூரையோரம், கட்டிலின் அடிப்புறம் எல்லாம் டார்ச் அடித்துப் பாருங்கள். விரிசலைப் பூசி, பூச்சிமருந்து அடித்து, குறிப்பிட்ட இடைவெளியில் மறுபடியும் அடிக்க வேண்டும். பூனையும் இருக்கும் இடமென்றால் பெர்மெத்ரின் வேண்டாம், அதற்கு அது விஷம்.

சாயங்காலம் உட்கார்ந்து உண்ணி பிடுங்குவது நல்லதுதான், ஆனால் உண்ணி கடித்த சில மணி நேரத்திலேயே எர்லிக்கியா நாய்க்குள் போய்விடும். உண்ணியைக் கொல்லும் மாத்திரையை எல்லா நாய்களுக்கும் ஒரே நாளில் கொடுப்பதே பலன் தரும். வலிப்பு வரும் நாய் இருந்தால் மருத்துவரிடம் முன்பே சொல்லிவிடுங்கள்.

28 நாள் முடியுமுன் தத்துப் போகிற நாயோடு மீதி மாத்திரையையும், அடுத்த பிளேட்லெட் பரிசோதனைத் தேதியையும் கொடுத்தனுப்புங்கள்.