ஒரே பிளாக், இரண்டு மூச்சு

போடிநாயக்கனூரைத் தாண்டி முந்தல் வந்ததும் மலைப்பாதை தொடங்கிவிடும். போடிமெட்டு வரை 17 கொண்டை ஊசி வளைவுகள், கிட்டத்தட்ட ஆயிரம் மீட்டர் ஏற்றம். ஐந்து பேரையும் டிக்கியில் ஏலக்காய் மூட்டையையும் சுமந்துகொண்டு நல்ல நிலையில் உள்ள பழைய அம்பாசிடர் இரண்டாவது கியரில் நிதானமாக ஏறும். இதே எஞ்சினின் பந்தய வடிவம் இங்கே வந்தால் வளைவுக்கு வளைவு கிளட்சைத் தேய்த்துத்தான் ஏற்ற வேண்டியிருக்கும்.

இதே எஞ்சின் என்பது உண்மையிலேயே இதே எஞ்சின்தான். 1959இல் அம்பாசிடருக்கு வந்தது பிரிட்டனின் பிஎம்சி கார் நிறுவனம் உருவாக்கிய பி-சீரிஸ் எஞ்சின், 1489 சிசி. சிலிண்டர் விட்டம் 73.025 மில்லிமீட்டர், பிஸ்டன் ஓட்டம் 88.9. அதற்கு நாலு வருடம் முன்பே, 1955 லெ மான்ஸ் 24 மணி நேரப் பந்தயத்தில் எம்ஜி நிறுவனத்தின் மூன்று இஎக்ஸ்182 கார்கள் இதே 1489 சிசி எஞ்சினோடு ஓடின. இரண்டு கார்கள் பந்தயத்தை முடித்து 12, 17ஆம் இடங்களைப் பிடித்தன. அம்பாசிடரில் 55 குதிரைத்திறன் என்றால் அங்கே 80ஐ ஒட்டி.

அந்தக் கூடுதல் சக்தி எங்கிருந்து வந்தது? பெரும்பகுதி, வால்வுகளைத் திறந்து மூடவைக்கும் கேம்ஷாஃப்டிலும் (சுருக்கமாக கேம்), சிலிண்டர்களின் மேல்மூடியான சிலிண்டர் ஹெட்டிலும். பந்தய கேம், காற்றும் பெட்ரோலும் உள்ளே வரும் இன்லெட் வால்வை முன்னதாகத் திறந்து தாமதமாக மூடும். எஞ்சின் நிமிடத்துக்கு 5000 சுற்றுக்கு மேல் ஓடும்போது உள்ளே பாயும் காற்றுக்கு வேகம் இருப்பதால், பிஸ்டன் மேலே திரும்பிய பிறகும் அது சிலிண்டரை நிரப்பிக்கொண்டே இருக்கும். 1800 சுற்றில் அந்த வேகம் கிடையாது. வால்வு இன்னும் திறந்தே இருக்க, பிஸ்டன் காற்றை வந்த வழியே வெளியே தள்ளிவிடும். எஞ்சின் விக்கும். அம்பாசிடரின் கேம் சீக்கிரமே மூடிவிடுவதால் குறைந்த சுற்றிலும் சிலிண்டர் நிறைகிறது.

மலைக்கு எவ்வளவு சக்தி வேண்டும் என்று கணக்குப் போட்டால் வியப்பாக இருக்கும். ஆட்களோடு 1500 கிலோ, பன்னிரண்டுக்கு ஒன்று ஏற்றம், மணிக்கு 25 கிலோமீட்டர்: சக்கரத்தில் வெறும் 13, 14 குதிரைத்திறன் போதும். அது 2000 சுற்றுக்குள்ளேயே கிடைக்கிறதா என்பதுதான் கேள்வி.

அதனால் அம்பாசிடருக்கு காற்றையும் பெட்ரோலையும் கலக்கும் கார்புரேட்டரை இரட்டையாக மட்டும் மாட்டுவதில் பெரிய பலன் இல்லை, கேம் அதேதான். கம்ப்ரஷனை, அதாவது சிலிண்டருக்குள் கலவை அழுத்தப்படும் அளவை, ஏற்றினாலோ, ஏற்றத்தில் எஞ்சின் ‘கிணிகிணி’யென்று தட்டும்.

இருப்பதைச் சரியாக வைப்பதே மேல். டாப்பெட் இடைவெளி, அதாவது வால்வுக்கும் அதை அழுத்தும் நெம்புகோலுக்கும் நடுவே விட வேண்டிய சந்து, அங்குலத்தில் ஆயிரத்துக்குப் பதினைந்து. எட்டாவது வால்வு முழுதாகத் திறந்திருக்கும்போது ஒன்றாவதைச் சரிசெய்யுங்கள், ஏழாவது திறக்கும்போது இரண்டாவதை. இரண்டு எண்ணும் கூட்டினால் எப்போதும் ஒன்பது. அடுத்து எஸ்யூ கார்புரேட்டர். அதன் தலையில் உள்ள மூடியைக் கழற்றி எண்ணெய் பாருங்கள். வற்றியிருந்தால் ஆக்சிலேட்டரை மிதித்ததும் உள்ளே இருக்கும் பிஸ்டன் சட்டென்று எழும்பி, கலவை மெலிந்து, வண்டி ஒரு கணம் தயங்கும். கொண்டை ஊசி வளைவின் நடுவே அந்தத் தயக்கம் ஆபத்து. 20 கிரேடு எண்ணெய் ஊற்றுங்கள். ஏர் ஃபில்டரைக் கழற்றி அந்தப் பிஸ்டனை விரலால் தூக்கிவிட்டால் ‘டக்’கென்று விழ வேண்டும். சத்தம் வராமல் மெல்ல இறங்கினால் பிஸ்டனின் அடியில் உள்ள ஊசி, பெட்ரோல் வரும் துளையான ஜெட்டில் உரசுகிறது, அல்லது அறைக்குள் அழுக்கு. ஜெட்டை நடுவுக்குக் கொண்டுவந்த பிறகு மலையேறுங்கள்.