உலகத்துக்கு ஒத்த கணக்குப் புத்தகம்

நான் தணிக்கையாளன். கிறிஸ்தவ சபைகளின் கணக்குகளையும் பல ஆண்டுகளாகப் பார்த்து வருகிறேன். பிரசங்கம் கேட்பதற்கு முன்பே வவுச்சர்களைப் புரட்டிவிடுவதால், ஒரு சபையைப் பற்றிய என் முதல் அபிப்பிராயம் பெரும்பாலும் அலுவலக பீரோவிலிருந்துதான் வருகிறது.

ஒரு சபையில் விதவைகள் உதவிக்கென்று தனியாகக் காணிக்கை எடுத்திருந்தார்கள். ரசீதுகள் சரியாக இருந்தன. ஆண்டுக் கடைசியில் அந்த நிதியில் பணம்தான் இல்லை. ஒலிபெருக்கியும் மேடை விளக்குகளுமாக மாறியிருந்தது. யாரும் வீட்டுக்கு எடுத்துப் போகவில்லை, பில் எல்லாம் ஒழுங்கு. கேட்டபோது பொருளாளர், "எல்லா இடத்துலயும் இப்படி மாத்திக்கிறதுதானே சார்? அப்புறம் வெச்சிடலாம்" என்றார். அவர் தலைக்கு மேல் சுவரில், உலகத்தைப் போல ஆகிவிடாதீர்கள் என்று சொல்லும் ஒரு பைபிள் வசனம்: "நீங்கள் இந்தப் பிரபஞ்சத்திற்கு ஒத்த வேஷந்தரியாமல்..."

உலகத்திலிருந்து வேறுபட்டிருப்பது என்றதும் சபைகளில் பேச்சு உடைக்கும் பொழுதுபோக்குக்கும் போய்விடுகிறது. அதில் நான் கருத்துச் சொல்ல மாட்டேன், அது என் வேலையும் இல்லை. ஆனால் ஓர் ஆளின் முழங்கால் தெரிவதைக் கவனிக்கிற கமிட்டி, ஏழைக்கென்று வந்த பணம் மேடைக்குப் போனதைக் கவனிக்காமல் விட்டால், வேறுபாடு எங்கே இருக்கிறது என்று கேட்கத் தோன்றுகிறது.

எனக்கு மிகவும் பிடித்த பழைய கணக்கு ஒன்று உண்டு. கி.பி. 251-இல் ரோம் ஆயர் கொர்னேலியு எழுதிய கடிதத்தில் அவருடைய சபையின் ஆள்கணக்கு வருகிறது. வரலாற்றாசிரியர் யூசேபியு அதைக் காப்பாற்றி வைத்திருக்கிறார். மூப்பர்கள் 46, டீக்கன்கள் 7, துணை டீக்கன்கள் 7, அவர்களுக்கு உதவியாளர்கள் 42, பேயோட்டுவோர், வாசிப்போர், வாசல் காப்போர் எல்லாம் சேர்த்து 52. ஆயரையும் கூட்டினால் 155 பேர். அந்தச் சபை தாங்கிய விதவைகளும் கஷ்டப்பட்டவர்களும் 1,500-க்கும் மேல். பொறுப்பிலிருந்த ஓர் ஆளுக்குப் பத்து எளியவர்கள்! முந்தைய ஆண்டுதான் பேரரசர் டெசியுவின் காலத்தில் கொர்னேலியுக்கு முன்பிருந்த ஆயரே கொல்லப்பட்டிருந்தார். அந்த நிலையிலும் பட்டியல் இப்படி. நூறாண்டு கழிந்து, கிறிஸ்தவத்தைப் பிடிக்காத பேரரசர் ஜூலியன், இந்தக் கலிலேயர் (கிறிஸ்தவர்களை அவர் அப்படித்தான் அழைத்தார்) தங்கள் ஏழைகளோடு நம் ஏழைகளையும் தாங்குகிறார்களே என்று தன் பூசாரி ஒருவருக்கு எழுதி அங்கலாய்த்தார். எதிரி கண்ணில் பட்ட வேறுபாடு அது. இன்று ஒரு சபையின் வரவு செலவைக் கையில் வாங்கினால் நான் முதலில் தேடுவதும் அந்த விகிதத்தைத்தான்.

பொருளாளர் சொன்ன சாக்குக்கு நேர் எதிரான சாக்கு ஒன்றும் இருக்கிறது. அதுதான் ஆபத்தானது என்பேன். "நாங்க உலகத்தார் இல்ல, இது தேவனுடைய பணம், எங்களுக்கு ஆடிட் எதுக்கு?" வேறுபட்டவர்கள் என்ற சொல்லே இங்கே கதவைச் சாத்தும் தாழ்ப்பாளாகிவிடுகிறது. நான் பார்த்த பெரிய ஓட்டைகளில் பல இந்த வாசகத்துக்குப் பின்னால்தான் இருந்தன. கேள்வி கேட்ட விசுவாசிக்கு விசுவாசக் குறைவு என்று பெயர் வைத்துவிட்டால் போதும், அடுத்த ஆண்டு யாரும் கேட்க மாட்டார்கள்.

பவுல் அப்படி நினைக்கவில்லை. எருசலேமின் ஏழைகளுக்காகச் சேர்த்த தர்மப்பணத்தை அவர் தனியாகக் கொண்டுபோகவில்லை. பணம் கொடுத்த சபையே ஆட்களைத் தெரிந்தெடுக்கட்டும் என்றார். கர்த்தருக்கு முன்பாக மட்டுமல்ல, மனுஷருக்கு முன்பாகவும் யோக்கியமாயிருக்க வேண்டும் என்று காரணமும் எழுதினார். அப்போஸ்தலனுக்கே துணைக்கு ஆள் தேவைப்பட்டது!

எனவே சபை உறுப்பினர்கள் தயங்காமல் கேட்கலாம். காணிக்கையை உறவினரல்லாத இரண்டு பேர் அன்றே எண்ணிக் கையெழுத்திடுகிறார்களா? ஒரு நோக்கத்துக்கென்று வாங்கிய பணம் தனிக் கணக்கில் நிற்கிறதா? போதகரின் சம்பளத்தைப் பேசும்போது போதகர் அறையில் இருக்கிறாரா? பொருளாளரின் மைத்துனர் கணக்கைத் தணிக்கை செய்யலாமா என்று ஒருமுறை என்னிடமே கேட்டார்கள். கூடாது.

பெரிய நன்கொடையாளர் விஷயம் இன்னும் சிக்கல். சபைக்கு வரும் பொன்மோதிரக்காரனுக்கு நல்ல இடம் காட்டுவதை யாக்கோபு தன் நிருபத்தில் கடிந்துகொண்டார். நமக்கு இன்றும் அது கூச்சமில்லாமல் நடக்கிறது. இரண்டாம் நூற்றாண்டில் மார்சியன் என்பவர் ரோம் சபைக்கு இரண்டு லட்சம் செஸ்டர்ஸ் (ரோம நாணயம்) கொடுத்தார். அவருடைய போதனை தவறென்று கண்டு நீக்கியபோது, அந்தப் பணத்தோடு சேர்த்தே அனுப்பினார்கள் என்று பழங்காலக் கிறிஸ்தவ எழுத்தாளர் தெர்த்துல்லியன் எழுதியிருக்கிறார். இது நடக்கிற காரியமா என்று நானும் நினைத்ததுண்டு.

பிறகு ஒரு சிறிய சபையின் பேரேட்டில் பார்த்தேன். ஒரு பெரிய தொகை வரவு. ஆறு நாள் கழித்து அதே தொகை செலவு, அதே நபருக்குக் காசோலை. ஏதோ தில்லுமுல்லு என்றுதான் வவுச்சரை உருவினேன். விவரம் என்ற இடத்தில் நடுங்கும் கையெழுத்தில் மூப்பர் எழுதியிருந்தார்: "கமிட்டியில் இடம் கேட்டார். திருப்பிக் கொடுத்தோம்." அந்த ஆண்டு கூரை வேலை பாதியில் நின்றிருந்தது. விதவைகள் நிதியில் மட்டும் ஒரு காசு குறையவில்லை.