படிவம் சி-யில் ஒரே ஒரு கையெழுத்துதான்

"மேடம், இனிஷியல் யாரோடதைப் போடணும்? எங்கப்பாவோடதா, அவரோடதா?"

கேட்டவர் வியாசர்பாடியிலிருந்து வந்திருந்தார் (அடையாளங்களை மாற்றியிருக்கிறேன்). இரண்டு பிள்ளைகள், சின்னவனுக்குப் பதினோரு மாதம். தாய்ப்பால் கொடுக்கும்வரை உண்டாகாது என்று வீட்டில் சொன்னதை நம்பியிருக்கிறார். பிரசவத்துக்குப் பிறகு மாதவிலக்கு திரும்பவே இல்லை, அதனால் நாள் தள்ளிப்போனதும் தெரியவில்லை. ஸ்கேனில் எட்டு வாரம். கருவைக் கலைக்க வந்திருந்தார்; நிரப்பிக்கொண்டிருந்தது அதற்கான சம்மதப் படிவம், படிவம் சி.

"ஆதார்ல எப்படி இருக்கோ அப்படியே போடுங்க" என்றேன். போட்டுவிட்டு, பேனாவை மூடாமலே கேட்டார்: "அவரு லோடு ஏத்திக்கிட்டு விஜயவாடா போயிருக்காரு. வர நாலு நாளாவும். பரவால்லையா?"

பரவாயில்லை. சட்டம் கணவரைக் கேட்கவே இல்லை. படிவம் சி-யில் 'இன்னாருடைய மகள் அல்லது மனைவி' என்று நிரப்ப ஒரு கோடு உண்டு. அது ஆள் யாரென்று தெரிவதற்கு. சம்மதம் என்று கையெழுத்துப் போடுவது அந்தப் பெண் மட்டும்தான். பதினெட்டு வயது நிரம்பாதவர், மனநலம் பாதிக்கப்பட்டவர் என்றால்தான் பாதுகாவலர் கையெழுத்து.

இதை நான் தாமதமாகத்தான் படித்தேன். இருபது வருடத்துக்கு முன், பயிற்சி டாக்டராக இருந்தபோது எங்கள் யூனிட்டில் ஒரு வழக்கம்: புருஷன் கையெழுத்து இல்லாமல் கேஸை எடுக்கமாட்டோம். யார் சொன்னார்கள், எங்கே எழுதியிருக்கிறது என்று நான் கேட்டதே இல்லை. "வீட்டுக்காரரைக் கூட்டிட்டு வாம்மா" என்று ஒரு பெண்ணைத் திருப்பி அனுப்பினேன். பத்து நாள் கழித்து ஆட்டோவில் வந்தார். மெடிக்கல் ஷாப்பில் மாத்திரை வாங்கிப் போட்டு, பாதி வெளியேறி, பாதி உள்ளேயே தங்கி, உள்பாவாடை முழுக்க ரத்தம். ஹீமோகுளோபின் ஐந்து. பிழைத்துக்கொண்டார். வார்டை விட்டுப் போகும்போது எனக்கு நன்றி வேறு சொன்னார்.

1971-ஆம் ஆண்டு கருக்கலைப்புச் சட்டம் அன்றைக்கும் கணவர் கையெழுத்தைக் கேட்கவில்லை. 2021 திருத்தத்துக்குப் பிறகு கணக்கு இப்படி: 20 வாரம் வரை ஒரு டாக்டரின் கருத்து போதும். 20 முதல் 24 வரை இரண்டு டாக்டர்கள். அதுவும் பாலியல் வன்முறைக்கு ஆளானவர்கள், சிறுமிகள், கர்ப்ப காலத்தில் கணவரை இழந்தவர்கள் அல்லது விவாகரத்தானவர்கள் என்று சில பிரிவினருக்கு. 24-ஐத் தாண்டினால், கருவில் பெரிய குறைபாடு இருந்து மருத்துவக் குழு ஒப்புக்கொண்டால், அல்லது தாயின் உயிரைக் காப்பாற்ற உடனே தேவை என்றால் மட்டும். கருத்தடை தவறிய பெண்ணைப் பற்றிய விளக்கத்தில் 'கணவர்' என்ற சொல்லை எடுத்துவிட்டு 'துணைவர்' என்று போட்டார்கள். கல்யாணமாகவில்லை என்பதற்காக 24 வார வரம்பை மறுக்கக் கூடாது என்று 2022 செப்டம்பர் 29 அன்று உச்ச நீதிமன்றம் தீர்ப்புச் சொன்னது.

ஆனால் இதை முழு உரிமை என்று நான் சொல்லமாட்டேன். பெண் 'வேண்டாம்' என்பது சட்டத்துக்குப் போதாது. தொடர்ந்தால் அவள் உடம்போ மனசோ கெடும் என்று டாக்டர் கருத வேண்டும். கடைசிச் சொல் எங்கள் கையில் இருக்கிறது. 2023 அக்டோபரில், இரண்டு பிள்ளை பெற்ற ஒரு தாய் 26 வாரம் கடந்து உச்ச நீதிமன்றம் போனார். அவருக்கும் தாய்ப்பால் காலத்தில்தான் உண்டானது, அதனால்தான் தெரியவில்லை. அனுமதி கிடைக்கவில்லை.

ஆகவே நாள் முக்கியம். பால் கொடுத்தாலும் சந்தேகம் வந்தால் டெஸ்ட் பண்ணிப் பாருங்கள். ஒன்பது வாரம் வரை மாத்திரையிலேயே முடியும், ஆனால் ஸ்கேன் பார்க்காமல் போடாதீர்கள். கரு குழாயில் தங்கியிருந்தால் இந்த மாத்திரை அதைக் கலைக்காது. வெறும் ரத்தப்போக்கைப் பார்த்து 'கலைந்துவிட்டது' என்று வீட்டில் இருந்தால், குழாய் வெடிக்கலாம். போட்ட பிறகு, தொடர்ந்து இரண்டு மணி நேரம், மணிக்கு இரண்டு பெரிய பேட் நனைந்தால் காத்திருக்க வேண்டாம், கிளம்புங்கள்.

இன்னொரு பேரமும் நடக்கிறது: "கலைச்சு விடறோம், கூடவே ஆபரேஷன் பண்ணிக்கோ, இல்ல லூப் போட்டுக்கோ." நல்ல எண்ணத்தில் சொல்கிற டாக்டர்களே அதிகம். ஆனாலும் இது நிபந்தனையாக இருக்கக் கூடாது. கருத்தடையைப் பற்றி நானும் பேசுகிறேன். வேண்டாம் என்றால் விட்டுவிடுகிறேன்.

எதிர்ப்பக்கமும் உண்டு. மாமியாரும் நாத்தனாரும் சூழ்ந்து, "இவளுக்கு வேணாமாம் டாக்டர்" என்று அவர்களே பேசும்போது அந்தப் பெண் தரையைப் பார்த்துக்கொண்டிருப்பாள். "எல்லாரும் வெளிய போய் டீ குடிச்சிட்டு வாங்க" என்று அனுப்பிவிட்டு அவளிடம் தனியாகக் கேட்பேன். சென்ற வருடம் அப்படிக் கேட்டபோது ஒருத்தி, "எனக்கு வேணும் மேடம்" என்றாள். சம்மதமில்லாமல் கலைப்பது ஆயுள் தண்டனை வரை போகக்கூடிய குற்றம் என்பதைக் குடும்பத்துக்கு நான் சொன்னேன், கொஞ்சம் சத்தமாகவே.

அரசு மருத்துவமனைக்கு இதற்கெனத் தனி அனுமதி தேவையில்லை. தனியார் என்றால் அனுமதிச் சான்றிதழைக் கண்ணில் படும்படி மாட்டியிருக்க வேண்டும். உள்ளே போனதும் சுவரைப் பாருங்கள். கவுண்டரில் "சாரைக் கையெழுத்துப் போடச் சொல்லுங்க" என்றால், சண்டை வேண்டாம். படிவம் சி-யை வாங்கி, "எந்த இடத்துல போடணும், காட்டுங்க" என்று கேளுங்கள்.