கேங் என்றால் கும்பலா, கோஷ்டியா?

19ஆம் நூற்றாண்டு நியூயார்க்கைப் பற்றிய ஆவணப்படம் ஒன்றைத் தமிழ்க் குரலில் பார்த்தேன். 'கேங்' (gang) என்ற ஆங்கிலச் சொல்லுக்கு 'நிழல் உலகக் கும்பல்' என்ற மொழிபெயர்ப்பு பத்துப் பதினைந்து தடவையாவது வந்திருக்கும். திரையிலோ பட்டப்பகல். உயரத் தொப்பி, சிவப்புச் சட்டை, சோப்புத் தடவிப் படிய வைத்த முன்முடியோடு, நியூயார்க்கின் பவரி தெருப் பக்கத்து 'கேங்'கான பவரி பாய்ஸ் நடுத்தெருவில் நெஞ்சு நிமிர்த்தி நடக்கிறார்கள். இதில் நிழல் எங்கே இருக்கிறது?

மூலச் சொல்லைச் சட்டென்று முடித்துவிடலாம். 'கேங்' என்றால் பழைய ஆங்கிலத்தில் நடை, போக்கு. கப்பலின் 'கேங்வே'யில் அந்தப் பொருள் இன்னும் ஒட்டிக்கொண்டிருக்கிறது. அப்புறம் சேர்ந்து போகிறவர்கள், சேர்ந்து வேலை செய்கிறவர்கள் என்று ஆனது. ரயில்பாதை 'கேங்மேன்' அந்த வழியில் வந்தவர். சேர்ந்து தப்புச் செய்கிறவர்களையும் 17ஆம் நூற்றாண்டிலேயே அது குறிக்கத் தொடங்கிவிட்டது. 'கேங்ஸ்டர்' மிகப் பிந்திய அமெரிக்கப் பிள்ளை.

நம்மவர்களின் 'நிழல் உலக'த்துக்கும் இந்தச் சொல்லுக்கும் ஒட்டுமில்லை உறவுமில்லை. அது 'அண்டர்வேர்ல்ட்' என்ற வேறொரு சொல்லுக்காகச் செய்தது. இலங்கைப் பத்திரிகைகள் அதையே 'பாதாள உலகம்' என்கின்றன. மதுவிலக்குக் காலத்துச் சிகாகோவில் அல் கபோன் நடத்திய சாராய வியாபாரத்துக்கு அது பொருந்தலாம், ஒளிவுமறைவுதான் அங்கே முதல். தெருவில் திரிந்தவர்களின் கதை நேர்மாறு. பார்க்கப்பட வேண்டும் என்பதே அவர்களுக்குப் பாதி நோக்கம்.

'கும்பல்' மட்டும் போதாதா என்று நண்பர்கள் கேட்கிறார்கள். போதாது. குவி, குமி, குப்பை என்ற குடும்பத்துச் சொல் அது. குவிவது, பிறகு கலைவது. விபத்து நடந்த இடத்தில் சேர்வதும் கும்பல்தான். அதற்குப் பெயர் கிடையாது, எல்லை கிடையாது, நாளைக்கு இருக்கவும் இருக்காது. மான்செஸ்டரிலும் சால்ஃபோர்டிலும் 1870களிலிருந்து 1890கள் வரை அடித்துக்கொண்ட 'ஸ்கட்லர்' இளைஞர்களைப் பாருங்கள். கீழே அகன்ற கால்சட்டை, நுனியில் பித்தளை அடித்த மரக்கட்டைச் செருப்பு, கனத்த இடுப்புப் பட்டை. பெங்கால் தெருக்காரர்கள் தங்களைப் 'பெங்கால் டைகர்ஸ்' என்று சொல்லிக்கொண்டார்கள். தெருவின் பெயரையே கொடியாகப் பிடிப்பவனைக் கும்பலில் ஒருவன் என்று சொன்னால் அவனுக்கே கோபம் வரும்.

'குண்டர் படை' அதைவிட மோசம். அது பொருளைச் சொல்லாமல் தீர்ப்பைச் சொல்கிறது. பவரி பாய்ஸில் பலர் தொழில் தெரிந்த உழைப்பாளிகள், தன்னார்வத் தீயணைப்பு வீரர்கள். 1848இல் மோஸ் என்ற தீயணைப்பு வீரன் பாத்திரம் நியூயார்க் மேடைக்கு வந்தபோது, தங்களைத் தாங்களே பார்க்க அவர்கள் அரங்கில் குவிந்தார்கள். (இங்கே 'குவிந்தார்கள்' சரிதான், நாடகம் முடிந்ததும் கலைந்தார்கள்.)

என் கட்சி 'கோஷ்டி'. புதிதாக எதையும் செய்ய வேண்டாம். 'கோஷ்டி மோதல்' என்று செய்தித்தாள்கள் நெடுங்காலமாக அச்சடித்துக்கொண்டுதான் இருக்கின்றன. படிப்பவர் மனதில் இரண்டு பக்கம், இரண்டு தலைவர், பழைய பகை எல்லாம் உடனே வந்து நிற்கிறது. வடமொழியாயிற்றே என்பார்கள். ஆமாம், 'கோஷ்ட' என்ற மாட்டுத்தொழுவத்திலிருந்து வந்ததுதான். ஆனால் 'நிரம்பிய நூலின்றிக் கோட்டி கொளல்' என்று வள்ளுவரே 401ஆம் குறளில் அதைத் தமிழாக்கிக் கையாண்டிருக்கிறார். அங்கே அது அறிஞர் அவை. வள்ளுவருக்கு இல்லாத தீட்டு நமக்கு எதற்கு?

பஜனை கோஷ்டியும் கோஷ்டிதானே என்று மடக்குவார்கள். அதனால்தான் இது பொருந்துகிறது என்கிறேன். 'கேங்' கூட முதலில் வேலையாட்களின் அப்பாவிச் சொல்தானே. குழப்பம் வந்தால் 'தெருக்கோஷ்டி' என்று எழுதிவிட்டுப் போகலாம். கட்சிகளின் 'கோஷ்டிப் பூசல்' வாடை இதில் அடிப்பதும் நல்லதே. நியூயார்க் கோஷ்டிகள் தேர்தல் அரசியலோடு பின்னிக் கிடந்தவை.

திரைப்படமும் தொடரும் இவர்களிடமிருந்து எடுத்துக்கொண்டது குற்றத்தை மட்டுமல்ல, பெயரையும் உடையையும்தான். பாரிஸ் தெருக்களின் 'அபாஷ்' ஆட்கள், பத்திரிகைக்காரர்கள் வைத்த பெயரோடு, 1908 வாக்கில் கேளிக்கை அரங்குகளில் ஒரு நடனமாகிவிட்டார்கள். பர்மிங்காமின் பீக்கி பிளைண்டர்ஸ் 1890லேயே செய்தித்தாளில் வந்தவர்கள். 2013இல் தொடங்கிய தொலைக்காட்சித் தொடரோ அவர்களை முதல் உலகப் போருக்குப் பின்னால் கொண்டுபோய் வைத்தது. அசல் கோஷ்டி அதற்குள் மங்கிவிட்டிருந்தது. 'பீக்கி' என்பது தொப்பியின் முன்விளிம்பைக் குறிப்பது. 'பிளைண்டர்' என்றதும் 'குருடர்' என்று எழுதிய ஒரு மொழிபெயர்ப்பையும் பார்த்துவிட்டேன். பெயரைப் பெயராக விட என்ன தயக்கமோ!

முதலில் சொன்ன ஆவணப்படத்துக்கு வருகிறேன். 1857 ஜூலையில் பவரி பாய்ஸோடு கலவரத்தில் மோதிய 'டெட் ராபிட்ஸ்' அதில் 'செத்த முயல்கள்' ஆகியிருந்தார்கள். பவரி பாய்ஸ் மட்டும் பவரி பாய்ஸாகவே இருந்தார்கள். அந்தக் கணக்குப்படி அவர்களும் 'பவரிப் பயல்கள்' ஆகியிருக்க வேண்டாமா?