சம்பளச் சீட்டில் தெரியாத தொகைகள்: இணையத் தொழிலுக்காக வேலையை விடுமுன்

வருமான வரிக் கணக்குத் தாக்கல் செய்யும் ஜூலை மாதத்தில் என் அலுவலகத்துக்கு வரும் சம்பளதாரர்களில், நிறுவனம் தரும் சம்பள, வரிப் பிடித்தச் சான்றான படிவம் 16-உடன் இன்னொரு பட்டியலையும் எடுத்து வருகிறவர்கள் சில ஆண்டுகளாகக் கூடிவருகிறார்கள். வேலை கொடுப்பவரையும் செய்து தருபவரையும் இணைக்கும் ஃபைவர், அப்வொர்க் போன்ற இணையத் தளங்களிலிருந்தோ யூடியூபிலிருந்தோ அவர்களுக்கு வந்த தொகைகளின் பட்டியல் அது. வரியைப் பற்றிப் பேசி முடித்து எழுந்திருக்கும் நேரத்தில், "சார், வேலையை விட்டுவிட்டு இதையே முழுநேரமாகப் பார்க்கலாமா?" என்று தயங்கியபடி கேட்பார்கள். விடு என்றோ விடாதே என்றோ சொல்வது ஓர் ஆடிட்டரின் வேலை அல்ல. ஆனால் கையில் வரும் சம்பளத்தையும் இணையத்தில் வரும் தொகையையும் அருகருகே வைத்துப் பெரியதைத் தேர்ந்தெடுக்கும் அவர்களுடைய கணக்கு தவறானது என்பதைச் சொல்லியாக வேண்டும்.

கோவையில் ஒரு நிறுவனத்தில் மென்பொருள் பணியில் இருப்பவர் ஒருவரை எடுத்துக்கொள்வோம். பலருடைய கணக்குகளைக் கலந்து, எண்களை முழுமையாக்கி இந்த உதாரணத்தை அமைத்திருக்கிறேன். அவருக்கு மாதம் 65,000 ரூபாய் கைக்கு வருகிறது. இரவு நேரங்களில் வெளிநாட்டு இணையக் கடைகளுக்கு மென்பொருள் எழுதிக் கொடுத்து, ஃபைவர் வழியாக மாதம் சராசரியாக 1,20,000 ரூபாய்க்கு ஆர்டர் எடுக்கிறார். கிட்டத்தட்ட இரண்டு மடங்கு என்பதால் முடிவு எளிது என்று அவருக்குத் தோன்றுகிறது.

அவருடைய அடிப்படைச் சம்பளம் 40,000 ரூபாய். அதில் 12 விழுக்காடு, அதாவது 4,800 ரூபாய், அவர் பங்காக வருங்கால வைப்பு நிதிக்குப் போகிறது. நிறுவனமும் அதே அளவு செலுத்துகிறது. ஓர் ஆண்டுப் பணிக்கு 15 நாள் சம்பளம், மாதத்தை 26 நாளாகக் கொண்டு, என்ற கிராஜுவிட்டிக் (விலகும்போது நிறுவனம் தரும் பணிக்கொடை) கணக்கில் ஆண்டுக்குச் சுமார் 23,000 ரூபாய், மாதத்துக்கு ஏறக்குறைய 1,900 ரூபாய் அவர் பெயரில் சேர்ந்துகொண்டிருக்கிறது. மனைவி, குழந்தை, பெற்றோர் அனைவருக்குமான குழு மருத்துவக் காப்பீட்டுக்கு இணையான பாலிசியைத் தாமே எடுத்தால் ஆண்டுக்கு 72,000 ரூபாய் ஆகும் என்று வைத்துக்கொண்டால், அது மாதத்துக்கு 6,000. எல்லாவற்றையும் கூட்டினால் அவருடைய உண்மையான மாதச் சம்பளம் 82,500 ரூபாய். படுத்துக்கொண்டாலும் சம்பளம் கிடைக்கும் விடுப்பு நாட்களை இதில் நான் சேர்க்கவில்லை.

மறுபக்கம், 1,20,000 ரூபாயில் ஃபைவர் 20 விழுக்காட்டை எடுத்துக்கொண்டதும் மீதி 96,000. டாலரை ரூபாயாக்கி வங்கிக்குக் கொண்டுவருவதில் ஒரு 2,000 போய்விடும். மென்பொருள் சந்தாக்கள், இணைய இணைப்பு, மின்வெட்டுக்கு இன்வெர்ட்டர், நான்கு ஆண்டுக்கு ஒருமுறை மாற்ற வேண்டிய மடிக்கணினி என்று 8,000 ஒதுக்கினால் நிற்பது 86,000. இரண்டு மடங்கு என்று தெரிந்தது இப்போது 3,500 ரூபாய் வித்தியாசம் மட்டுமே. இரவில் நான்கு மணி நேரம் உழைத்தே இவ்வளவு வருகிறதென்றால் முழுநேரமும் உழைத்தால் பெருகாதா என்று கேட்பார்கள். பெருகலாம், அப்படிப் பெருகியவர்களின் கணக்கையும் நான் தாக்கல் செய்கிறேன். ஆனால் ஆர்டர் என்பது நம்மிடம் உள்ள நேரத்தைப் பார்த்து வருவதில்லை, வாங்குபவரின் தேவையைப் பார்த்து வருகிறது. வேலையில் இருக்கும்போதே நேரமின்மையால் ஆர்டர்களைத் திருப்பி அனுப்புகிறவருக்கும், வந்ததையெல்லாம் முடித்துவிட்டு அடுத்ததற்காகக் காத்திருப்பவருக்கும் இந்தக் கேள்விக்கான விடை ஒன்றாக இருக்க முடியாது.

ஆகவே தொகையைவிட அதன் தன்மையைப் பார்க்கச் சொல்கிறேன். பன்னிரண்டு மாத வங்கி அறிக்கையை அச்சிட்டு, தொழில் மூலம் வந்த ஒவ்வொரு வரவையும், பணம் கொடுத்தவருக்கு ஒரு நிறமாக ஹைலைட்டரால் கோடிட்டு எடுத்து வரச் சொல்வேன். தளங்கள் மொத்தமாக அனுப்பிவிடுவதால், எந்த ஆர்டருக்கு உரியது என்று தளத்தின் அறிக்கையைப் பார்த்துப் பிரித்தாக வேண்டும். இந்த வேலைக்கு ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுவதும் போகும், முணுமுணுப்பார்கள். ஆனால் கொண்டுவந்து மேசையில் விரித்ததும் பெரும்பாலும் நான் எதுவும் சொல்லத் தேவையிருப்பதில்லை. பக்கம் பக்கமாக ஒரே மஞ்சள் நிறம் ஓடினால், அவர் தொழில் நடத்தவில்லை, வைப்பு நிதியும் விடுப்பும் இல்லாத இன்னொரு வேலையில் இருக்கிறார் என்று பொருள். ஐந்தாறு நிறங்கள் கலந்து, அவற்றில் சில மீண்டும் மீண்டும் வந்தால், அது வேறு கதை. சராசரியை நம்பாமல், மிகக் குறைந்த மூன்று மாதங்களின் வரவு வீட்டு வாடகைக்கும் தவணைகளுக்கும் பள்ளிக் கட்டணத்துக்கும் போதுமானதாக இருந்ததா என்பதையும் அதே காகிதத்திலேயே பார்த்துவிடலாம்.

கொடுப்பவர் பலராக இருந்தும் தளம் ஒன்றே என்றால் ஆபத்து முழுவதுமாக நீங்கிவிடாது. 2020 ஜூன் 29 அன்று டிக்டாக் இந்தியாவில் தடை செய்யப்பட்டபோது, அதை மட்டுமே நம்பியிருந்தவர்களின் வருமானம் ஒரே இரவில் நின்றது. யூடியூபில் நீள் காணொளிகளின் விளம்பர வருமானத்தில் 55 விழுக்காடும் ஷார்ட்ஸில் 45 விழுக்காடும் படைப்பாளிக்கு என்பது இன்றைய ஏற்பாடு. அதை மாற்றும் அதிகாரம் நம்மிடம் இல்லை.

பங்குச் சந்தையில் ஆப்ஷன் வர்த்தகம் செய்வதற்காக வேலையை விட நினைப்பவர்களும் இதே வரிசையில் வருகிறார்கள். 2022 முதல் 2024 வரையிலான மூன்று நிதியாண்டுகளில், ஆப்ஷன் உள்ளிட்ட முன்பேர வணிகத்தில் இறங்கிய தனிநபர்களில் 93 விழுக்காட்டினர் நட்டமடைந்தார்கள் என்று பங்குச் சந்தைக் கட்டுப்பாட்டு அமைப்பான செபி வெளியிட்ட ஆய்வு சொல்கிறது. அதைச் சுயதொழில் என்று நான் எண்ணுவதில்லை. மாதம் லட்சம் சம்பாதிக்கக் கற்றுத்தருவதாகக் கட்டணம் வாங்குபவர்களைப் பற்றி ஒரே வரிதான்: அவர்களுடைய லட்சம் அந்தக் கட்டணத்திலிருந்து வருகிறது.

வரியில் உண்மையிலேயே சலுகை உண்டு. சிக்கலும் அங்கேயே இருக்கிறது. தகவல் தொழில்நுட்பம் உள்ளிட்ட குறிப்பிட்ட சில தொழில்முறைப் பணிகளுக்கு, மொத்த வரவில் பாதியை வருமானமாகக் காட்டினால் போதும் என்ற உத்தேச வரி முறை இருக்கிறது. ரொக்க வரவு 5 விழுக்காட்டைத் தாண்டாதவர்களுக்கு இதன் வரம்பு 75 லட்சம் ரூபாய். நம் உதாரணத்தில் ஆண்டு வரவு 14,40,000. காட்ட வேண்டிய வருமானம் 7,20,000. 2025-26 நிதியாண்டு முதல் புதிய வரி முறையில் 12 லட்சம் ரூபாய் வரை வரி இல்லை என்பதால் அவர் ஒரு ரூபாயும் கட்ட வேண்டியதில்லை. இதைக் கேட்டதும் முகம் மலராதவரை நான் பார்த்ததில்லை. ஆனால் அடுத்த ஆண்டு அவர் வீட்டுக் கடனுக்குப் போகும்போது வங்கி பார்ப்பது அந்த 7,20,000-ஐத்தான். சம்பளதாரரிடம் மூன்று மாதச் சம்பளச் சீட்டும் படிவம் 16-ம் கேட்கும் அதே வங்கி, சுயதொழில் செய்பவரிடம் இரண்டு அல்லது மூன்று ஆண்டு வரிக் கணக்கைக் கேட்கும். கையில் ஆண்டுக்குப் பத்து லட்சத்துக்கு மேல் நிற்பவர் காகிதத்தில் ஏழு லட்சம் சம்பாதிப்பவராக இருப்பார். வீடு வாங்கும் எண்ணம் இருந்தால், உண்மையான செலவுகளைக் கழித்துக் கணக்குப் புத்தகம் எழுதி வருமானத்தைக் காட்டுவதா, பாதியைக் காட்டி வரியை மிச்சப்படுத்துவதா என்பதை முதல் ஆண்டிலேயே தீர்மானித்துவிட வேண்டும்.

வரவு கூடும்போது மாதந்தோறும் வரியைப் பிடித்துக்கொள்ள நிறுவனம் இருக்காது. உத்தேச முறையில் இருப்பவர் முன்கூட்டிய வரி முழுவதையும் மார்ச் 15-க்குள் கட்ட வேண்டும். கணக்கில் கிடக்கும் பணமெல்லாம் தம்முடையது என்று எண்ணிப் பழகியவர்கள், பிப்ரவரி மாதக் கடைசியில் நகைக் கடன் வாங்கி வரி கட்டுவதையும் பார்க்கிறேன். ஆண்டு வரவு 20 லட்சத்தைத் தாண்டினால் ஜிஎஸ்டி பதிவு வேண்டும். வாடிக்கையாளர் வெளிநாட்டவர், ஏற்றுமதிக்கு வரி இல்லையே என்று சிலர் பதிவையே தவிர்க்கிறார்கள். வரி இல்லை என்பது உண்மை. பதிவு தேவை என்பதும் உண்மை.

முடிவு விலகுவது என்றே ஆனால், விலகல் கடிதத்துக்கு முன் செய்ய வேண்டியது மருத்துவக் காப்பீடு. குழு பாலிசி கடைசி வேலை நாளோடு முடிந்துவிடக்கூடும். புதிய பாலிசியில் முதல் 30 நாட்களுக்கு விபத்து தவிர்த்த சிகிச்சைகளுக்குப் பணம் கிடைக்காது. ஏற்கெனவே உள்ள சர்க்கரை, ரத்த அழுத்தம் போன்றவற்றுக்கு 36 மாதம் வரை காத்திருப்புக் காலம் இருக்கலாம். பெற்றோரை குழு பாலிசியில் வைத்திருப்பவர்கள், அதே காப்பீட்டு நிறுவனத்தின் தனிநபர் பாலிசிக்கு மாறும் வழியை வேலையில் இருக்கும்போதே கேட்டுவிட வேண்டும். நிரந்தர ஊழியருக்குக் கிராஜுவிட்டி 5 ஆண்டிலும், வைப்பு நிதியோடு சேர்ந்த ஓய்வூதியத் தகுதி 10 ஆண்டிலும் கிடைப்பதால், நான்கரை ஆண்டிலோ ஒன்பது ஆண்டிலோ இருப்பவர் சில மாதம் பொறுப்பது பணம். வைப்பு நிதியைத் தொழில் முதலாக எடுக்க வேண்டாம் என்பது என் உறுதியான கருத்து. கணக்கு வட்டியோடு தொடரட்டும். வேலையை விட்ட பிறகு சேரும் வட்டிக்கு வரி உண்டு என்பதை மட்டும் நினைவில் வைத்துக்கொள்ளலாம்.

பணி ஒப்பந்தத்தையும் ஒருமுறை வாசிக்க வேண்டும். வேலையில் இருக்கும்போதே வேறு இடத்தில் ஊதியத்துக்குப் பணியாற்றியதாகச் சுமார் 300 பேரை விப்ரோ 2022-இல் நீக்கியது. அலுவலக மடிக்கணினியில் எழுதிய நிரல் யாருக்குச் சொந்தம் என்ற கேள்வியும் அந்த ஒப்பந்தத்துக்குள்தான் இருக்கிறது. நோட்டீஸ் காலத்தை முழுமையாக முடித்து, பணிவிடுப்புக் கடிதம், அனுபவச் சான்று, அந்த ஆண்டுக்கான படிவம் 16, வைப்பு நிதிக் கணக்கில் விலகிய தேதியின் பதிவு ஆகிய நான்கையும் வாங்கி வைத்துக்கொள்ள வேண்டும். இரண்டு ஆண்டு கழித்து வேலைக்குத் திரும்ப நேர்ந்தால், இடைப்பட்ட காலத்தில் என்ன செய்தீர்கள் என்று மனிதவளத் துறை கேட்கும். அப்போது மேற்சொன்ன கடிதங்களும், முறையாக எண்ணிட்டு எழுதிய இன்வாய்ஸ்களும், தாக்கல் செய்த வரிக் கணக்குகளுமே அந்த இடைவெளியை அனுபவமாகக் காட்டும் ஆவணங்கள்.