அம்மா, அந்த டப்பா பாலை எடுத்து வையுங்கள்

போன வாரம் தங்கச்சிமடம் பக்கமிருந்து ஒரு பெண் வந்தாள். பிரசவமாகி ஒன்பது நாள். மார்பில் பால் கட்டி, காய்ச்சல். ஏன் பால் கொடுக்கவில்லை என்று கேட்டால் மாமியார்தான் பதில் சொன்னார்: "ரத்தத்துல கிருமின்னு எழுதியிருக்காங்க டாக்டரம்மா, பிள்ளைக்கு ஒட்டிக்கிடாதா?" வீட்டில் அவளுக்குத் தனித் தட்டு, தனி டம்ளர், தனிப் பாய். பிள்ளைக்கு டப்பா பால். இந்த வருடம் நான் பார்க்கும் மூன்றாவது வீடு இது.

சீட்டில் எழுதியிருந்தது ஹெபடைடிஸ் சி, கல்லீரலைத் தாக்கும் வைரஸ். இது ஒட்டுவாரொட்டி இல்லை. ரத்தத்தோடு ரத்தம் சேர்ந்தால்தான் பரவும். ஒரே சட்டிக் குழம்பைச் சாப்பிட்டாலோ, பிள்ளையைக் கொஞ்சினாலோ, ஒரே பாயில் படுத்தாலோ வராது. தாய்ப்பாலிலும் வராது. சீம்பாலைக் கொட்டிவிட்டு வந்தவர்களிடம் இதை எத்தனை முறை சொல்லியிருப்பேன்! காம்பு வெடித்து ரத்தம் கசிந்தால் மட்டும், புண் ஆறும்வரை அந்தப் பக்கப் பாலைப் பீய்ச்சி ஊற்றிவிடுங்கள். மறுபக்கம் தாராளமாகக் கொடுக்கலாம்.

குழந்தைக்கு வருவதென்றால் கருப்பையிலோ பிரசவத்திலோதான். ரத்தத்தில் வைரஸ் உள்ள 100 தாய்மாரில் ஏறக்குறைய 6 பேரின் பிள்ளைகளுக்கே வரும், தாய்க்கு எச்.ஐ.வி.யும் இருந்தால் கூடும். இதற்காக மட்டும் "ஆபரேஷன் பண்ணிருங்க" என்று கேட்காதீர்கள், அதனால் தொற்று குறைவதில்லை.

இன்னொரு வீட்டில், மூன்று மாதக் குழந்தைக்கு லேபில் ஆன்டிபாடி (கிருமியை எதிர்க்க உடம்பு உண்டாக்கும் பொருள்) பார்த்து, 'பாசிட்டிவ்' என்றதும் குடும்பமே அழுதது. அது அம்மாவிடமிருந்து வந்த ஆன்டிபாடி. ஒன்றரை வயதுவரைகூட இருக்கும், அதன்பிறகுதான் அந்த டெஸ்டை நம்பலாம். முன்பே தெரிய வேண்டுமானால், இரண்டு மாதத்துக்குப் பிறகு வைரஸையே தேடும் ஆர்.என்.ஏ. டெஸ்ட் எடுக்க வேண்டும். தொற்றிய பிள்ளைகளிலும் சிலருக்குத் தானாகவே போய்விடும். போகாவிட்டால் மூன்று வயதிலிருந்து மருந்து உண்டு.

தாய்க்கும் அதே ஆர்.என்.ஏ. டெஸ்ட் வேண்டும். ஆன்டிபாடி சீட்டை மட்டும் பார்த்துவிட்டு நோயாளி என்று முடிவு கட்டாதீர்கள். கர்ப்பத்தில் பொதுவாக மாத்திரை தொடங்குவதில்லை. பால்குடி மறந்தபிறகு, பெரும்பாலும் 12 வாரம். நூற்றில் 95 பேருக்கு மேல் குணமாகிறார்கள். 2018-இல் வந்த தேசியத் திட்டத்தில் அரசு மருத்துவமனைகளில் இலவசம். அடுத்த பிள்ளைக்கு முன் முடித்துவிடுங்கள்.

பிறந்ததும் போடும் ஊசி ஹெபடைடிஸ் 'பி'க்கு. 'சி'க்குத் தடுப்பூசியே கிடையாது. கண் மஞ்சளாகவில்லை என்பதால் நோய் இல்லை என்று நினைக்காதீர்கள், கீழாநெல்லியை நம்பி நாளைக் கடத்தாதீர்கள். ஊசி போடும்போது புது சிரிஞ்சைக் கண்ணெதிரே பிரிக்கச் சொல்லுங்கள். திருவிழாவில் ஒரே ஊசியால் பலருக்குப் பச்சை குத்துபவரிடம் கை நீட்டாதீர்கள். ரேசரை இன்னொருவருக்குக் கொடுக்காதீர்கள்.

எனக்கு மிகவும் வருத்தம் தருவது வேறு. ஒன்றரை வயதில் பிள்ளையைக் கூட்டி வாருங்கள் என்று சீட்டில் எழுதிக் கொடுக்கிறேன், பாதிப் பேர் வருவதில்லை. அப்பா கடலுக்குப் போயிருக்கிறார் என்கிறார்கள். போகட்டும், அம்மாச்சியாவது தூக்கிக்கொண்டு வாருங்கள். பழைய சீட்டுகளையும் கையோடு எடுத்து வாருங்கள்.