டி டாரி விண்மீன்: அந்த 'டி' எதுக்கு?

டி டாரின்னதும் யாரோ ஒருத்தர் பேரு மாதிரி தோணும், ஆனா டாரின்னா லத்தீன்ல "ரிஷபத்தோட"ன்னு அர்த்தம், அதாவது ரிஷப மண்டலத்துல இருக்கறது. டி வெறும் வரிசை எழுத்து. வெளிச்சம் கூடிக் குறையற விண்மீன்களுக்கு ஒவ்வொரு மண்டலத்துலயும் ஆர்-ல ஆரம்பிச்சு பேர் வைக்கற வழக்கம் ஜெர்மன் வானியலாளர் ஆர்கெலாண்டர் கொண்டுவந்தது, அந்தக் கணக்குல ஆர், எஸ், டி, இது மூணாவது, அவ்ளோதான். 1852ல ஹைண்ட்ங்கற வானியலாளர் இதைக் கண்டுபிடிச்சார், 1945ல இன்னொரு வானியலாளர் ஆல்ஃப்ரெட் ஜாய் இதே மாதிரி வெளிச்சம் மாறி, நிறமாலைல உமிழ்வுக் கோடும் (ஒளியப் பிரிச்சுப் பார்த்தா சில நிறத்துல மட்டும் தெரியற பளிச்சுன்ன கோடு) காட்டற 11 விண்மீனைச் சேர்த்து இதையே வகைப் பேராக்கிட்டார். இதெல்லாம் புதுசா பொறந்த விண்மீன்ங்கறது அப்புறம்தான் தெளிவாச்சு.

சிக்கல் என்னன்னா, அந்தக் கோடு பலமா வர்றதே சுத்தி இருக்கற வாயு-தூசி வட்டுலேர்ந்து வாயு விண்மீன் மேல கொட்டறதாலதான். வட்டு கரைஞ்சுபோன இளசுங்க சாதாரண விண்மீன் மாதிரியே தெரியும், லிஸ்ட்ல வராது. 1978ல மேல போன ஐன்ஸ்டைன் எக்ஸ்ரே தொலைநோக்கி வந்துதான் அதுங்களைக் காட்டிக்கொடுத்துச்சு. சுமார் 450 ஒளியாண்டு தூரத்துல இருக்கற ரிஷப முகில்ல, அதாவது விண்மீன் பொறக்கற வாயு-தூசி மேகத்துல, உள்ளதுக்கு வயசு பெரும்பாலும் சில பத்து லட்சம் வருஷம்தான் (சூரியனுக்கு 460 கோடி), வேகமா சுத்தும், உள்ள கொதிச்சுப் புரளும், காந்தப்புலம் பலமா இருக்கும், அதனால மேல இருக்கற கரோனாங்கற சூடான வாயு உறை கோடி டிகிரிக்கும் மேல சூடாகி சூரியனைவிட ஆயிரம் மடங்குகூட எக்ஸ்ரே விடும், நடுநடுல திடீர் வெடிப்பு வேற. இதே மாதிரி இன்னொரு முகிலான ரோ ஒஃபியூக்கியைத் திரும்பத் திரும்பப் பார்த்தப்போ ஒவ்வொரு தடவையும் வேற வேற விண்மீன் பளிச்சுன்னு தெரிஞ்சதால, 1983ல ஆய்வுக்கட்டுரைத் தலைப்புலயே அதை கிறிஸ்துமஸ் மரம்னு போட்டுட்டாங்க!

இப்ப தமிழுக்கு வருவோம். எக்ஸ்ரேக்கு ஊடுகதிர்னு இருக்கு. 1895ல ரோன்ட்கன் என்னன்னே தெரியாம எக்ஸ்னு வெச்சார், நம்ம சொல்லு வேலையையே சொல்லிடுது. அதுவும் இந்த விஷயத்துல, கண்ணுக்குத் தெரியற ஒளிய மறைக்கற தூசியத் தாண்டி இது வருதே.

டி டாரிக்கு "ரிஷப டி"ன்னு எழுத வேண்டாம், ரிஷபத்துல மட்டும்தான் இருக்குன்னு ஆயிடும். பொதுவா இளவிண்மீன்னு சொன்னா போதும், வகை முக்கியம்னா டி டாரி வகை. "குழந்தை நட்சத்திரம்" எனக்கு ஒத்துக்கல, முகில் உறைக்குள்ளயே இன்னும் வளர்ற முன்விண்மீனையும் இதையும் அது ஒண்ணாக்கிடும். கோடு மங்கினதை மெலிகோட்டு டி டாரின்னு சொல்லலாம், ஊடுகதிர்ல சிக்கினது பெரும்பாலும் இந்த ரகம்தான்.